கூரை புதுசு, பிளாட்பாரம் பழசு: பெரிய ரயில் நிலையங்களைப் புதுப்பிப்பதில் எங்கே தவறுகிறோம்?

நடைமேடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன்.

போன மாதம் அம்மாவை ரயிலேற்றிவிட ஒரு பெரிய நகரத்து நிலையத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது முக்கியமில்லை, இதே கதை பல ஊர்களில் இருக்கிறது. பல வருடம் தகரத் தடுப்புக்குள் வேலை நடந்து, புதுப்பித்துத் திறந்த நிலையம். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் வழிந்து தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. உண்மையிலேயே அழகு.

அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "எங்கடா உட்காருவது?" என்று கேட்டார். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு பெஞ்சு கூட இல்லை. கடைசியில் ஒரு தூணின் அடியில் ஒரு சாண் அகலத்தில் துருத்திக்கொண்டிருந்த கல் விளிம்பில் ஒண்டிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள்.

பலகையில் பிளாட்பார எண் வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே எஸ்கலேட்டரை நோக்கித் திரும்பியது. கீழே இறங்கினால் அதே பழைய பிளாட்பாரம். படிக்கட்டுச் சுவருக்கும் விளிம்புக்கும் நடுவே பெட்டியோடு ஒருவர் நடக்கலாம், அவ்வளவுதான். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் மஞ்சள் கோட்டின் மேல் கால் வைத்தே ஆக வேண்டும். அம்மாவை உள்பக்கம் விட்டு நான் விளிம்போரம் நடந்தேன்.

கேள்வி இதுதான். பயணி ரயிலில் ஏறுவதும் இறங்குவதும் பிளாட்பாரத்தில். நெரிசல் அங்கே, ஆபத்தும் அங்கே. ஆனால் புதுப்பிக்கும் பணம் ஏன் எப்போதும் கூடத்துக்கே போகிறது?

---

இரவுவண்டி

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு நியூயார்க் பென் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1910ல் திறந்த பழைய நிலையம் ரோமானியக் குளியல் மண்டபங்களின் பாணியில் கட்டியது. மெக்கிம், மீட் அண்ட் வைட் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1963 அக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தின் மேலே வந்த மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் 1968ல் திறந்தது. தண்டவாளங்களும் பிளாட்பாரங்களும் கீழே அப்படியே இருந்தன. மேலே இருந்த வெளிச்சமும் உயரமும் மட்டும் போய்விட்டன. போதாக்குறைக்கு அரங்கத்தைத் தாங்கும் தூண்கள் பிளாட்பாரங்களின் ஊடே இறங்கின. ஏற்கெனவே ஒடுக்கம், அதில் தூண் வேறு.

21 தண்டவாளம், 11 பிளாட்பாரம். கொரோனாவுக்கு முன் நாளுக்குச் சுமார் 6 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள்.

1990களில் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் ஒரு யோசனை சொன்னார். எதிர்த்தெருவில், அதே நிறுவனம் வரைந்த பழைய தலைமைத் தபால் நிலையக் கட்டடம் இருக்கிறது, தண்டவாளங்கள் அதன் அடியிலும் ஓடுகின்றன, அதையே ரயில் கூடமாக்கலாம் என்றார். அவர் 2003ல் காலமானார். கூடம் 2021 ஜனவரி 1 அன்று அவர் பெயரிலேயே திறந்தது. செலவு சுமார் 160 கோடி டாலர். உச்சியில் 92 அடி உயரம், ஏறத்தாழ ஒரு ஏக்கர் கண்ணாடி.

அதைப் பார்த்து நெகிழாதவர் இருக்க முடியாது. ஆனால் திறந்த நாளிலிருந்தே வந்த புகார் நீங்கள் சொன்ன அதே புகார்: பெரிய கூடத்தில் உட்கார இடமில்லை. இருக்கைகள் டிக்கெட் காட்டி நுழையும் தனி அறையில் இருந்தன. மக்கள் தரையில் சுவரோரம் உட்கார்ந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அப்புறம், கூடம் எட்டாவது அவென்யூவுக்கு மேற்கே இருக்கிறது. ஏழாவது அவென்யூ பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு அது பின்னால் நடந்து போய்ச் சேர வேண்டிய இடம். கூடத்திலிருந்து 17 தண்டவாளங்களுக்கு இறங்க வழி செய்தார்கள், அது உண்மையான நன்மை. ஆனால் இறங்கிய பிறகு நிற்பது அதே ஒடுங்கிய பிளாட்பாரத்தில்.

---

மழைத்துளி

சரியாகச் சொன்னீர்கள். அதே ஊரில் 2023 ஜனவரியில் திறந்த கிராண்ட் சென்ட்ரல் மேடிசன் நிலத்தடி நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,100 கோடி டாலருக்கு மேல் செலவு, 182 அடி நீள எஸ்கலேட்டர்கள், அங்கேயும் திறந்தவுடன் எழுந்த முதல் கேள்வி "உட்கார இடம் எங்கே?" என்பதுதான்.

---

குறுக்குவெட்டு

நான் கட்டமைப்புப் பொறியாளர். ரயில் நிலைய வேலைகளில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன். வடிவமைத்தவர்கள் மீது முழுப் பழியும் போடுவதற்கு முன் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

கூடம் என்பது தண்டவாளத்துக்கு வெளியே இருக்கும் இடம். தடுப்பு வைத்து மறைத்து, பகலிலேயே வேலை செய்யலாம். பிளாட்பாரத்தை ஒரு மீட்டர் அகலமாக்க வேண்டுமென்றால் பக்கத்துத் தண்டவாளம் ஒரு மீட்டர் நகர வேண்டும். அது நகர்ந்தால் அதற்கடுத்த பிளாட்பாரம் ஒடுங்கும். தடம் மாற்றும் இடங்கள், சிக்னல், மேலே போகும் மின்கம்பி எல்லாமே புதிதாகக் கணக்குப் போட வேண்டும். மேலே கட்டடம் இருந்தால் தூண்களைத் தொடவே முடியாது. இத்தனையும் நள்ளிரவில் கடைசி வண்டி போய் விடியலில் முதல் வண்டி வருவதற்குள் கிடைக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் நடக்க வேண்டும். கருவிகளை உள்ளே கொண்டுவரவும் திருப்பி எடுக்கவுமே அதில் பாதி போய்விடும்.

அதனால் திட்டம் போடும்போதே "பிளாட்பாரத்தைத் தொடாமல்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்ட பிறகு வருகிற கட்டடக் கலைஞருக்குக் கூரையைத் தவிர வேறு என்ன மிச்சம்?

---

நடைமேடை

குறுக்குவெட்டு சார், விளக்கியதற்கு நன்றி. அந்த ஒரு வரியை எழுதுவது யார் என்பதுதான் என் ஆதங்கமே. பயணியிடம் கேட்டு அதை எழுதுவதில்லை. மேலும், தண்டவாளத்தை நகர்த்த முடியாது சரி, படிக்கட்டைக் கூடவா நகர்த்த முடியாது? பிளாட்பாரத்தின் நடுவில் ஒரு அகலப் படிக்கட்டு என்பதற்குப் பதில் இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்தாலே பாதி நெரிசல் குறையுமே.

---

கிழக்குவாசல்

முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். டோக்கியோவின் ஷிபுயாவைப் பாருங்கள். கின்சா தடத்தின் பழைய பிளாட்பாரம் 1938ல் ஒரு பல்பொருள் அங்காடிக் கட்டடத்துக்குள் திறந்தது, ஒடுக்கமான இடம். அதைச் சுமார் 130 மீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டி, 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலுமாக 6 நாள் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையே மாற்றி இணைத்தார்கள். இப்போது இருபுறமும் தண்டவாளம் உள்ள, 12 மீட்டர் அகலத் தீவு பிளாட்பாரம். அதே நிலையத்தில் 2013 மார்ச்சில் டோயோக்கோ தடத்தைத் தரைக்கு மேலிருந்து சுரங்கத்துக்கு ஒரே இரவில் மாற்றினார்கள். கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் இடையில்.

எத்தனையோ வருடத் தயாரிப்பு அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வேலையைத் தொடங்கியதே பிளாட்பாரத்திலிருந்துதான்.

---

சக்கரம்

நான் 11 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் படிக்கட்டு, எஸ்கலேட்டர் என்று பேசுகிறீர்கள், எனக்கு இருப்பது லிஃப்ட் மட்டும்தான்.

புதுப்பித்த நிலையங்களில் லிஃப்ட் வைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பிளாட்பாரத்துக்கு ஒன்றே ஒன்று. அது பழுதானால் நிலையமே எனக்கு மூடிய மாதிரி. ஒரு முறை இறங்க வேண்டிய நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இறங்கின பிறகுதான் தெரிந்தது. மேலே கூடத்தின் வெளிச்சம் படிக்கட்டு வழியாகத் தெரிகிறது, ஆட்கள் பேசும் சத்தம் கேட்கிறது, 40 நிமிடம் கீழேயே இருந்தேன். பிறகு அடுத்த வண்டி பிடித்து அடுத்த நிலையம் போய், எதிர்த்திசை வண்டியில் திரும்பி, வேறு பிளாட்பாரத்தில் இறங்கி மேலே வந்தேன். அந்த நிலையத்துக்கு விருது கொடுத்திருந்தார்கள்.

இரண்டு லிஃப்ட் வையுங்கள். முடியாவிட்டால் சரிவுப்பாதை வையுங்கள், அது பழுதாகாது. 1913ல் திறந்த நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் சரிவுப்பாதைகளை எவ்வளவு தாராளமாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவருக்கும் அதுதான் சுகம்.

ஆனால் பிளாட்பாரமே சரிவாக இருக்கக் கூடாது. ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் 16 தண்டவாள முனைய நிலையத்துக்குப் பதிலாக 8 தண்டவாளங்கள் உள்ள நிலத்தடி நிலையம் கட்டுகிறார்கள். அங்கே பிளாட்பாரத்தின் சரிவு ஆயிரத்துக்குப் பதினைந்து. 400 மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 6 மீட்டர் உயர வித்தியாசம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ பிரேக் போடாமல் நின்றால் தானாக உருளும். கூரையில் கிண்ணம் கிண்ணமாக வெளிச்சக் கண்கள் வைத்த அழகான வடிவமைப்பு அது. எனக்கு அந்தச் சரிவுதான் கண்ணில் படுகிறது.

---

மழைத்துளி

சக்கரம் அண்ணா, அந்த 40 நிமிடத்தைப் படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது. லிஃப்ட் பழுது என்பதை வண்டியில் ஏறும் முன்பே, புறப்படும் நிலையத்திலேயே சொல்லும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்குக் கூரையை இடிக்கத் தேவையில்லை.

---

பழையசாவி

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூடத்தின் அழகை ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. பென் ஸ்டேஷனை இடித்தவர்களும் இப்படித்தான் பேசினார்கள்: பயணிக்குத் தேவை ரயில், மண்டபம் எதற்கு? அந்த இழப்பின் வலியில்தான் 1965ல் நியூயார்க்கில் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை உறுதி செய்ததால்தான் கிராண்ட் சென்ட்ரல் தலைக்கு மேல் அடுக்குமாடி முளைக்காமல் தப்பியது.

அழகும் பயன்பாடும் சேர்ந்தே வரும் என்பதற்கு லண்டன் கிங்ஸ் கிராஸ் போதும். 1852ல் கட்டிய நிலையத்தின் முகப்பை 1972ல் "தற்காலிகமாக" என்று சொல்லிக் கட்டிய தட்டைக் கூரைக் கட்டடம் நாற்பது வருடம் மறைத்தது. 2012ல் மேற்குப் பக்கத்தில் அரைவட்டக் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். மரம்போலக் கிளை விரிக்கும் வெள்ளை எஃகுக் கூரை. அதன்பின் முன்னால் இருந்ததை எடுத்துவிட்டு அங்கே திறந்த சதுக்கம். புறப்படுகிறவர்கள் மேற்கே காத்திருக்கிறார்கள், வந்து இறங்குகிறவர்கள் தெற்கே சதுக்கத்துக்கு நேராக வெளியேறுகிறார்கள். இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்வதில்லை. கூரை அழகாக இருந்ததால் இது கெட்டுப்போகவில்லையே.

டோக்கியோ நிலையத்தின் மருனோவுச்சி கட்டடமும் அப்படித்தான். 1914ல் திறந்தது, 1945 குண்டுவீச்சில் மூன்றாவது மாடியும் குவிமாடங்களும் எரிந்தன. போருக்குப் பின் இரண்டு மாடியாகச் சுருக்கிக் கட்டியதை 2012ல் பழைய மூன்று மாடிக்கே மீட்டார்கள். அதன்மேல் உயரமாகக் கட்டும் உரிமையைப் பக்கத்துக் கட்டடங்களுக்கு விற்றுப் பணம் திரட்டினார்கள். கூடத்தின் பணம் பிளாட்பாரத்தின் பணத்தைத் தின்ன வேண்டிய அவசியமில்லை.

---

நடைமேடை

பழையசாவி ஐயா, கோபம் ஏன்? அழகு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, முதலில் நானும் அண்ணாந்துதான் நின்றேன். கிங்ஸ் கிராஸில் நீங்கள் சொன்ன விஷயத்தையே கவனியுங்கள், கூட்டம் எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் போகும் என்று முதலில் யோசித்திருக்கிறார்கள். அதற்கு ஏற்ற இடத்தில் கூரை வந்திருக்கிறது. நான் கேட்பது அந்த வரிசையைத்தான்.

---

இரவுவண்டி

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் நிலையம். 2015 செப்டம்பரில் திறந்தார்கள், சுமார் 75 கோடி பவுண்டு. மேலே பெரிய வெளிச்சக் கூடம், சுற்றிலும் கடைகள். கீழே போக நிறையப் புது எஸ்கலேட்டரும் லிஃப்டும் வைத்தார்கள், அந்த மட்டில் நல்லது. ஆனால் பிளாட்பாரங்கள் 1960களின் கான்கிரீட் பலகைக்கு அடியிலேயே இருக்கின்றன. தாழ்ந்த கூரை, இருட்டு. டீசல் வண்டிகள் நின்று உறுமும்போது புகை போக வழியில்லை. ஆய்வாளர்கள் கீழே காற்றின் மாசை அளந்து எச்சரித்த பிறகு மின்விசிறிகளைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. சூரிய ஒளி மேலே காப்பி குடிப்பவருக்கு, புகை கீழே வண்டிக்குக் காத்திருப்பவருக்கு.

---

குடையில்லாதவன்

பெர்லின் மத்திய நிலையத்தை யாரும் சொல்லவில்லையே. புதுப்பித்தது என்பதைவிடப் புதிதாகக் கட்டியது என்றே சொல்ல வேண்டும், இருந்தாலும் பொருந்தும். மேல்தளப் பிளாட்பாரங்களுக்கு 430 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூரை வரைந்திருந்தார்கள். 2006 உலகக்கோப்பைக் கால்பந்துக்குள் முடிக்க வேண்டுமென்று 321 மீட்டரில் நிறுத்திவிட்டார்கள். ரயிலின் நீளம் குறையவில்லையே! நீளமான வண்டி வந்தால் முனைப் பெட்டிக்காரர்கள் மழையில்தான் ஏற வேண்டும். திறப்பு விழாத் தேதிக்காக வடிவமைப்பை வெட்டினால், விழா ஒரு நாள், நனைவது காலத்துக்கும்.

---

செவிவழி

எனக்குப் பார்வை கிடையாது, திரைவாசிப்பான் மூலம் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம்.

கண்ணாடி, கிரானைட், எஃகு மூன்றும் சேர்ந்த கூடத்தில் சத்தம் சாகாது. அறிவிப்பின் முதல் சொல் மேலே போய்த் திரும்பி வந்து மூன்றாவது சொல்லின் மேல் விழும். "பிளாட்பாரம் ஏழு" என்பதும் "பிளாட்பாரம் எட்டு" என்பதும் எனக்கு ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். சத்தத்தை உறிஞ்சும் பலகைகளைக் கூரையில் சேர்த்தால் தீரும். சுத்தமான கோடு கெட்டுவிடும் என்று சேர்ப்பதில்லை.

இரண்டாவது, தரை. காலால் தடவி வழியறியும் மேடு வைத்த கற்களை ஜப்பானில் செய்ச்சி மியாகே 1965ல் கண்டுபிடித்தார், 1967ல் ஒக்காயாமாவில் முதலில் பதித்தார்கள். அதை மஞ்சளாகப் பதிப்பது மங்கலான பார்வை உள்ளவர்களுக்காக. புதுப்பித்த நிலையங்களில் தரையின் நிறத்துக்குப் பொருந்த வேண்டுமென்று சாம்பல் கல்லில் சாம்பல் மேடு, அல்லது பளபளக்கும் எஃகுக் குமிழ். மழை நாளில் குமிழ் வழுக்கும். மங்கலான பார்வை உள்ள என் தோழிக்கு அது கண்ணுக்கே தெரிவதில்லை. நான் அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு விளம்பரத் திரையின் காலில் நேராக முட்டியிருக்கிறேன். யாரோ பாதையின் மேலேயே அதை நிறுத்தியிருந்தார்கள்.

---

சந்திப்பு

உட்காரும் இடம் பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பெஞ்சு வைத்தால் வீடில்லாதவர்கள் வந்து படுத்துக்கொள்கிறார்கள், பயணிக்கு இடம் கிடைப்பதில்லை, அதனால்தான் வைப்பதில்லை என்று நிர்வாகத் தரப்பில் சொல்வார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது அல்லவா?

---

மழைத்துளி

இல்லைங்க. வீடில்லாதவருக்கு வீடு வேண்டும், அது தனிப் பிரச்சினை, அதைவிடப் பெரிய பிரச்சினை. பெஞ்சை எடுத்ததால் அவருக்கும் வீடு கிடைக்கவில்லை, அவரோடு சேர்ந்து கர்ப்பிணியும் மூட்டுவலிக்காரரும் நிற்கிறார்கள். நடைமேடையின் அம்மா கல் விளிம்பில் ஒண்டிக்கொண்டது யாருடைய பாதுகாப்புக்காக?

---

குறுக்குவெட்டு

இரண்டு நாளாக இழையைப் படித்துவிட்டு என் பழைய பதிவைத் திரும்பப் பார்த்தேன். கிழக்குவாசல் சொன்னது சரி, "முடியாது" என்று நான் சொன்னது பல இடங்களில் "செலவாகும், தலைவலி" என்பதுதான்.

எந்த நிலையத்தின் புதுப்பிப்புத் திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வந்தாலும் வண்ணப் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கணக்கைக் கேளுங்கள்: வண்டி நின்றதும் பிளாட்பாரம் காலியாக எத்தனை நிமிடம் ஆகும்?

நீங்களே போட்டுப் பார்க்கலாம். லண்டன் சுரங்க ரயில் திட்டமிடலில் ஒரு எஸ்கலேட்டருக்கு நிமிடத்துக்கு 100 பேர், ஒரே திசையில் போகும் படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 35 பேர் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு வண்டியில் 800 பேர் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். மேலேறும் எஸ்கலேட்டர் ஒன்று, 2 மீட்டர் படிக்கட்டு ஒன்று. நிமிடத்துக்கு 170 பேர். 800 பேர் போய்ச்சேர ஏறத்தாழ 5 நிமிடம். எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் 4 நிமிடத்தில் அடுத்த வண்டி வருகிறது என்றால் முதல் கூட்டம் தீரும் முன் இரண்டாம் கூட்டம் இறங்கிவிடும். இதுவே எஸ்கலேட்டர் நன்றாக ஓடுகிற நாளின் கணக்கு. அது பழுதான நாளுக்கும் ஒரு முறை போடச் சொல்லுங்கள்.

படி நடுவிலா, முனையிலா என்று நடைமேடை கேட்டது இந்தக் கணக்கில் அப்படியே தெரியும். முனைகளில் இருந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும், ஆனால் மேலே ஏறியதும் கூடத்துக்குப் போக வழி இருக்க வேண்டும். அங்கேதான் கடை வாடகைக்கும் நடைபாதைக்கும் சண்டை வரும். அந்தச் சண்டையில் கூட்டத்தில் எழுந்து நின்று பேச ஒரு பயணியாவது இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்குத் தெம்பு.

---

சக்கரம்

குறுக்குவெட்டு சார், இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே. நன்றி. "லிஃப்ட் பழுதான நாளுக்கும்" என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.

---

நடைமேடை

இன்று மாலை அம்மா திரும்பி வந்தார். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், பணியில் இருந்த ஊழியரிடம் கேட்டு, வண்டி இல்லாத நேரத்தில் அவர் பக்கத்தில் நிற்க அளவு நாடாவால் அளந்தேன். அவரே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

படிக்கட்டுச் சுவரிலிருந்து விளிம்பு வரை 138 சென்டிமீட்டர். மஞ்சள் மேட்டுக் கற்களும் அதற்கு அப்பால் உள்ள விளிம்பும் சேர்ந்து 72. மீதி 66. அம்மாவின் பெட்டி குறுக்காக 48. ஊழியர் எண்ணைப் பார்த்துவிட்டு, "காலை ஒன்பது மணிக்கு வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

நான்கு எண்களையும் சார் சொன்ன கணக்கையும் சேர்த்து நிலைய நிர்வாகத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைவை இங்கே போடுகிறேன், செவிவழியும் சக்கரமும் தங்கள் பகுதியை எழுதிச் சேருங்கள்.